அவள் நோட்டை நான் எழுதினேன்

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது, அரைப்பரீட்சை முடிந்ததும் பள்ளியிலிருந்து போன் வந்தது. மூன்று பாடத்தில் ஃபெயில், நாளைக்கு வந்து பாருங்கள் என்றார்கள். பத்தாவது பொதுத்தேர்வில் பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெரு அம்மாக்கள் எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஆனால் எங்கள் வீட்டில் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும்.

நான் தி. நகரில் ஒரு கடையில் ஜாக்கெட் தைப்பவள். ஊரடங்கில் வகுப்பெல்லாம் போனுக்கு வந்தபோது வீட்டில் இருந்தது என் போன் ஒன்றுதான். வீட்டுப்பாடம் அம்மாக்களின் வாட்ஸாப் குரூப்பில் வரும். நான் பார்த்துச் சொல்வேன், அவள் எழுதுவாள். பிறகு பள்ளி திறந்தது. நான் குரூப்பை விடவில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் "நாளைக்கு என்ன டெஸ்ட்?" என்று முதலில் கேட்பது நானாகத்தான் இருக்கும். அவள் டைரியில் எதையும் குறித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டுச் சொல்லத்தான் ஒருத்தி இருக்கிறாளே!

அடுத்தது நோட்டு. ஒருமுறை அவள் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தாள். விட்டுப்போன அறிவியல் பாடத்தை இன்னொரு அம்மா படம் பிடித்து அனுப்பினாள். பிள்ளை பாவம் என்று நானே உட்கார்ந்து எழுதினேன். மிஸ் கண்டுபிடிக்கக் கூடாதென்று அவள் எழுத்து மாதிரியே இடது பக்கம் சாய்த்து, அங்கங்கே ஒரு அடித்தல் திருத்தலும் வைத்து எழுதினேன். அளவு ஜாக்கெட்டைப் பார்த்து அப்படியே தைக்கிறவளுக்கு இது பெரிய வித்தையா?

காய்ச்சல் விட்டது, நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் ஃபேனுக்குக் கீழே தூங்குவாள், நான் எழுதுவேன். பீரோ கதவில் மூன்று நிற ஸ்கெட்ச்சில் படிப்பு அட்டவணை வேறு ஒட்டியிருந்தேன். அதை ரசித்தது நான் மட்டும்தான். என் வீட்டுக்காரர் சினிமாவில் லைட் தூக்குகிறவர். ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இன்னாமே, பரீட்சையும் நீயே போய் எழுதிக்கினு வந்துடுவியா?" என்றார். வள்ளென்று விழுந்தேன். அதோடு அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளோடு போனேன். வகுப்பு மிஸ் மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நான் எழுதிய நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக். இன்னொன்று அவளுடைய பரீட்சைத் தாள். இரண்டு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தாள், மீதியெல்லாம் வெள்ளை.

"நோட்ஸ் இவ்ளோ அழகா எழுதுற பொண்ணு, பரீட்சையில ஏம்மா ஒண்ணுமே எழுதல?" என்று மிஸ் என்னைக் கேட்டார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். "காரணம் இருந்தா சொல்லுங்க. ஹெச்.எம். கிட்ட பேசி இன்னொரு சான்ஸ் வாங்கறேன். இல்லைன்னா டி.சி.தான்."

சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நோட்டை மூடி அட்டையை நீவிக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெட்கம். அதற்குள் என் மகள், "நான்தான் மிஸ் எழுதினேன். பரீட்சைக்குப் படிக்கல, அவ்ளோதான்" என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மாடியிலிருந்து இறங்கி வெளியே வந்ததும், "ஏன்டி பொய் சொன்ன?" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"உன்ன திட்டுவாங்கல்ல" என்றாள். பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, "பரவால்லம்மா, வேற ஸ்கூல் போனா அங்கயும் நீ எழுதிக் குடுப்பல்ல?" என்றாள்.

அவளை இழுத்துக்கொண்டு திரும்ப மாடி ஏறினேன். மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. பெண்ணைக் காப்பாற்றப் பழியை நான் ஏற்றுக்கொள்வதாக நினைத்தார். மேசையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து, நோட்டின் முதல் வரியை எழுதிக் காட்டினேன். அதே சாய்வு, அதே எழுத்து. மிஸ் நோட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"ஒரு மாசம் டைம் கேட்டுப் பாக்கறேன். ஆனா நீங்க பேனாவத் தொடக் கூடாது" என்றார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, இன்னொரு வெள்ளைத் தாளோடு அவளிடம் நீட்டினார். "எந்தெந்தப் பாடம் உனக்குத் தெரியாதுன்னு நீயே எழுது, பாப்போம்."

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெறும் தாளைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லும்மா" என்றாள்.