பரீட்சைக்காக இருந்த எட்டு நாள்

ராமேஸ்வரம் தீவுக்கு ரோட்டுப் பாலம் வருவதற்கு முந்தைய காலம் அது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போய், ராமநாதபுரம் ஆஸ்பத்திரியிலும் சமாளிக்க முடியாவிட்டால், "பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாக" என்பார்கள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் காலேஜோடு சேர்ந்த தர்ம ஆஸ்பத்திரி. ரயிலில் பாலத்தைக் கடந்து பாதி நாள் போக வேண்டும். பாம்பு கடித்தவர், வயிற்றில் கட்டி வந்தவர், பிள்ளை குறுக்கே நின்றவள் என்று எல்லோருக்கும் அதுதான் போக்கிடம். எங்கள் தெருவில் அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதனால் சாமியைவிட அந்தக் கட்டடத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை ஒரு பிடி கூடுதல்.

அய்யாவுக்கு எழுதிக் கொடுத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. வள்ளத்தில் போய் வலை போடுகிறவர். இரண்டு வருடமாக மூச்சு வாங்கியது. பிறகு கால் வீங்கியது, வயிறு வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொள்வார். அம்மாவுக்கு நிறைமாதம். தங்கைகள் இரண்டும் சின்னதுகள். வீட்டில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான், ஆகவே துணைக்கு என்னை அனுப்பினார்கள். எதை எழுதிக் கொடுத்தாலும் படித்துப் புரிந்துகொள்வேனாம். எனக்கும் அந்தத் திமிர் நிறையவே இருந்தது.

முதல் இரண்டு நாள் தரையில் பாய். மூன்றாம் நாள் கட்டில் கிடைத்தது. அன்று காலை வார்டின் பெரிய டாக்டர் வந்தார், பின்னாலேயே வெள்ளைக் கோட்டுப் போட்ட இருபது பிள்ளைகள். மற்றக் கட்டில்களை எட்டிப் பார்த்துவிட்டு நேராக அய்யாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒவ்வொருவராக வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பொறுக்கவில்லை.

"உங்கய்யாவுக்கு யாரும்மா சிபாரிசு? எங்கிட்ட ஒருத்தரும் அஞ்சு நிமிசம் நிக்கமாட்டேங்குறாக!"

நான் சிரித்துக்கொண்டேன். ஊருக்குப் போன ஆள் ஒருவரிடம், 'தினமும் இருபது டாக்டர் பார்க்கிறார்கள்' என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். எந்தப் பணக்காரனுக்கு அந்த யோகம் வரும்?

அய்யாவும் பழகிவிட்டார். சொல்வதற்கு முன்பே இடது பக்கமாகத் திரும்பிப் படுப்பார், மூச்சை அடக்கிக் காட்டுவார். தினமும் கேட்டுக் கேட்டு நோயின் பெயரும் மனப்பாடமாகிவிட்டது. "மைட்ரல் வால்வு தாயி, நெஞ்சுக்குள்ள இருக்காம். அது சுருங்கியும் போச்சாம், ஒழுகவும் செய்யுதாம்" என்பார், வேறு யாருடைய வள்ளத்தையோ பற்றிச் சொல்வதுபோல.

மூன்றாம் வாரம் சித்தப்பா வந்து, அம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்றார். மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறந்தவன். அய்யா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு என்னிடம் சொன்னார்:

"ஆத்தா, ஊருக்குப் போவோம். பய மொகத்தைப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவோம்."

அதே வாரம் வார்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "வீக்கம் கொஞ்சம் வடிஞ்சிருக்கு. வீட்டுக்குப் போறதுன்னா இப்பப் போகலாம். அடுத்த வாரம் பசங்களுக்குப் பரீட்சை. வெளியூர்லேருந்து பெரிய டாக்டருங்க வர்றாங்க. அதுவரைக்கும் இருந்தா எங்களுக்கு உதவியா இருக்கும். உங்க இஷ்டம்தாம்மா." அவர் எதையும் மறைக்கவில்லை, அதட்டவும் இல்லை. என் காதில்தான் 'வெளியூர்லேருந்து பெரிய டாக்டருங்க' என்பது மட்டும் விழுந்தது. இருபது பேர் போதாமல் இன்னும் பெரியவர்களை வரவழைக்கிறார்கள், அவர்கள் பார்த்தால் குணமாகிவிடும் என்று நானே முடிவு கட்டினேன். இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

எட்டு நாள். எட்டு நாளும் அய்யா கேட்டார். காலையில் காப்பித் தண்ணி கொடுக்கும்போது கேட்பார், மத்தியானம் கஞ்சிக்கு நடுவில் கேட்பார். "சாயங்கால ரயிலைப் பிடிச்சா விடியமுன்ன போயிரலாம்த்தா." நான் கத்துவேன். "சின்னப்புள்ள மாதிரி அடம்பிடிக்காதீக. இம்புட்டுப் பேரு ஒங்களுக்காக வாராக, நீங்க ஓடப் பாக்குறீக!" ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்துவிட்டார். மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்து நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து படுக்க வைத்தேன். அப்படி இழுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்புத்தான் வருகிறது.

பரீட்சையன்று துணைக்கு இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பினார்கள். கதவு ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். அய்யாவின் கட்டிலுக்கு வந்தது ஒரு பெண். எங்கள் வார்டுக்கு வந்து போகிறவள் இல்லை. பிறகு டை கட்டிய இரண்டு பேர் வந்து அவளிடம் கேள்வி கேட்டார்கள், அய்யாவின் நெஞ்சில் ஒரு முறை வைத்துக் கேட்டார்கள், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு அய்யா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "அந்தப் புள்ள அழுகுற மாதிரி நின்னுச்சு. பாவமா இருந்துச்சு. மைட்ரல் வால்வுன்னு மெதுவாச் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் அந்தப் பெண் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தாள். அய்யா கண்ணயர்ந்திருந்தார். நான் அவளைத் தனியே பிடித்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா, வெளியூர் டாக்டருங்க என்ன சொன்னாக? மருந்தை மாத்துவாகளா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறிவிட்டது.

"அவங்க உங்க அப்பாவைப் பாக்க வரலைங்க. நாங்க சரியாப் பாக்குறோமான்னு பாக்க வந்தாங்க."

"அப்ப தினமும் இருபது பேரு?"

"படிக்க வர்றாங்க. உங்க அப்பா நெஞ்சுல எல்லாச் சத்தமும் தெளிவாக் கேக்குது. அதனாலதான்." சாத்துக்குடியை என் கையில் கொடுத்தாள். "ஆபரேஷன் தாங்குற நிலை எப்பவோ தாண்டிருச்சு. மூச்சைத்தான் லேசாக்க முடியும். வந்த அன்னைக்கே கேஸ் ஷீட்டுல எழுதியிருக்காங்களே. ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம் போங்க."

கேஸ் ஷீட் ஒரு மாதமாக அய்யாவின் கால்மாட்டில்தான் தொங்கியது. இங்கிலீஷில் இருந்தது. என் எட்டாம் வகுப்புப் படிப்பு அதைத் தொடவில்லை.

நாளைக் காலை ரயிலில் போகிறோம் என்றதும் அய்யா நாவிதரை வரவழைக்கச் சொன்னார். முகம் மழித்துக்கொண்டார். மறுநாள் காலை மூட்டையைக் கட்டிவிட்டுத் திரும்பினேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

தந்தி கிடைத்துச் சித்தப்பா வருவதற்கு ஒரு நாளாயிற்று. உயிரில்லாத உடம்பை ரயிலில் ஏற்ற மாட்டார்கள் என்றார்கள். கடற்கரை மண்டபம்வரை வண்டி, அங்கிருந்து வள்ளம் என்று யோசித்துவிட்டு, அவ்வளவு பணத்துக்கு வழியில்லை என்று சித்தப்பா கையை விரித்தார். அந்த ஊர் மயானத்திலேயே காரியத்தை முடித்தோம். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டே நாளான அம்மா அய்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நான் நுழைந்ததும் அம்மா அழவில்லை. மடியில் கிடந்த தம்பியைப் பார்த்தபடி கேட்டாள்: "பய மொகத்தைப் பாக்கணும், ஊருக்கு வாரேன்னு கேட்டாரா தாயி?"

ஆமாம் என்றால், 'பெறகு ஏன் கூட்டியாரல' என்று அடுத்துக் கேட்பாள். அதற்கு நான் எங்கே போவேன்?

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அம்மா அதன் பிறகு இருபத்தைந்து வருடம் இருந்தாள். அய்யாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "மூணு பொட்டைக்குப் பெறகு பெத்துக் குடுத்தேன். பாக்கணும்னு ஒரு வார்த்தை கேக்கலையே அந்த மனுசன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த மனத்தாங்கலோடுதான் செத்தாள். கேட்டார் அம்மா, எட்டு நாளும் கேட்டார் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை.