பிரிண்டரை மாடிக்கு ஏற்றினேன்

தாராவியில் எங்கள் வீடு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டே அறை. கீழே என் கணவரின் அண்ணன் நடத்தும் பை தைக்கும் கார்கானா; அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மேலே நாங்கள். ஏறி இறங்க ஓர் இரும்பு ஏணி. நான் வாங்கிய பிரிண்டர் கீழேதான் இருந்தது. மேலே இடமில்லை என்று சொன்னது நானில்லை, ஆனாலும் அப்படித்தான் முடிவானது. அத்தானின் கம்ப்யூட்டரில் வயரை மாட்டி அவர் பில் அடிப்பார். நான் மாடியில் என் லேப்டாப்பிலிருந்து அனுப்பினால் வைஃபை வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய் அச்சாகும். இறங்கிப் போய் எடுத்துக்கொள்வேன்.

நான் அச்சடித்தது தமிழ்ப் பாடத்தாள்கள். எங்கள் சந்துப் பிள்ளைகள் வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழில் சண்டை போடுவார்கள், வெளியே இந்தியில் போடுவார்கள். தமிழில் ஒரு கடைப் பலகையைக் காட்டினால் மட்டும் வாயடைத்துப் போவார்கள். ஞாயிறு காலையில் அவர்களை என் அறையில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கடையில் கிடைத்த புத்தகங்களில் ஏர், உலக்கை என்று அவர்கள் கண்ணால் பார்க்காத சாமான்களாக இருந்தன. ஆகவே நானே தயாரித்தேன். 'வ'வுக்கு வடாபாவ் படம், 'ட'வுக்கு டப்பா. தாள் கையில் இல்லாத வாரம் பாதிப் பேர் கிரிக்கெட்டுக்கு ஓடிவிடுவார்கள். ஓடினவர்களைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை.

ஒருநாள் தாதரிலிருந்து வந்த கடைக்காரருக்கு அத்தான் பில் அடித்தார். அதே நேரம் நான் மேலேயிருந்து அனுப்பியிருந்தேன். பில்லுக்குப் பதிலாக ஒரு வடாபாவ் வந்து விழுந்தது. கடைக்காரர் சிரித்தாராம். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏம்மா, இங்க யாவாரம் நடக்கா, பள்ளிக்கூடம் நடக்கா? தமிழப் படிச்சு இதுக என்னத்தக் கிழிக்கப் போவுது?” என்றார்.

அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கார்கானாவையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பிரிண்டரின் வயர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அது ஓடினால்தான் மற்றவர்களுக்கு அச்சாகும். கேட்டதற்கு, “கரண்டு சும்மாவா வருது?” என்றார். அதற்கடுத்த வாரம் கம்ப்யூட்டர் ஓடியது, ஆனால் பிரிண்டரை மற்றவர்களுக்குத் திறந்துவிடும் ஷேரிங்கையே எடுத்துவிட்டிருந்தார். என் லேப்டாப் அப்படியொரு பிரிண்டரே இல்லை என்று சாதித்தது. நான் வாங்கின சாமான் எனக்கே இல்லையாம்! வகுப்பில் விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள் பிள்ளைகள்.

“அண்ணன்ட்ட எதுக்குட்டி வம்பு? வெளிய ஜெராக்ஸ் கடைல அடிச்சுக்கோயேன்” என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் பிரிண்டர வீட்டுல வச்சுக்கிட்டு நான் எதுக்கு வெளிய போவணும்?”

அப்படியென்றால் அத்தான் இல்லாத நேரம் பார்த்துப் பிரிண்டரை மேலே எடுத்துவந்துவிடலாம் என்று என் கணவரே யோசனை சொன்னார். அதற்கும் மாட்டேன் என்றேன். திருடவா போகிறேன்? மறுநாள் அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கினேன்.

“என்ன பண்ணுத?”

“என் சாமான மேல கொண்டு போறேன், அத்தான்.”

“அப்ப என் பில்லு?”

“அதுவும் வரும். மேல வந்து வாங்கிக்கிடுங்க.”

பிரிண்டரைத் துப்பட்டாவில் கட்டி இடுப்பில் ஏந்திக்கொண்டு ஏணி ஏறினேன். என் கணவர் பின்னாலேயே வந்து கைகொடுத்தார். ஃபிரிட்ஜ் மேல் இருந்த அரிசி டப்பா கட்டிலுக்கடியில் போனது, அதன் இடத்தில் பிரிண்டர் உட்கார்ந்தது. வயரை என் லேப்டாப்பில் மாட்டி, ஓர் இந்தி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஷேரிங் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டுக் கழுத்தை அறுத்தது. விடவில்லை. பிறகு கீழே போய் அத்தானின் கம்ப்யூட்டரிலும் பிரிண்டரைச் சேர்த்துக் கொடுத்தேன். அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யப்போவதில்லை. ஆனால் இனி அவர் தயவில் ஒரு தாள்கூட அடிக்கப்போவதுமில்லை.

சந்து சந்தாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஞாயிறன்று வாசல்வரை நிறைந்து உட்கார்ந்தார்கள். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது ஏணி அதிர்ந்தது. அத்தானின் தலை தெரிந்தது.

“பில்லு போட்டேன், வரல.”

“முன்னால பிள்ளைகளோடது ஓடுது. முடிஞ்சதும் வரும்.”

“அத பந்த் பண்ணு, நிப்பாட்டு. கீழ கஸ்டமர் நிக்காரு.”

“பண்ண மாட்டேன். இங்க இவ்வளவு பேரு உக்காந்திருக்காவ.”

அத்தானுக்குக் கால் வைக்க இடமில்லை, பில் இல்லாமல் கஸ்டமரிடம் இறங்கிப் போகவும் முடியவில்லை. வந்த தாளை எடுத்து முன்னால் இருந்த சிறுமியிடம் கொடுத்தேன். பிறகு அடுத்தவளிடம். அத்தான் ஏணியிலேயே நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்தார்.