ரெண்டு பேரு

பதுளைக் கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறேன். எழுத்துக்கு இவ்வளவு என்று விலை. துணிக்கடைக்காரர் குறைக்கச் சொன்னால், "அப்ப ரெண்டு எழுத்த விட்டுட்டு எழுதுறேன் மொதலாளி" என்பேன். சிரித்துக்கொண்டே கேட்டதைக் கொடுத்துவிடுவார். இப்படிப் பேச எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. வர வேண்டிய காலத்தில் வரவில்லை.

அப்போது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மண்வெட்டி வேலை. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கே "பேரு" என்றுதான் சொல்வோம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திக் கணக்கப்பிள்ளை பெயரைப் பதிந்தால் அன்றைய கூலி உண்டு. வேலையில் குறை கண்டால் அரைப் பேரு. "இந்த மாசம் எத்தன பேரு?" என்று ஒருவரையொருவர் விசாரிப்போம். காசு என்ற சொல்லைவிட அது எங்கள் வாயில் பழகியிருந்தது.

எனக்கு ஒரே மகள். எட்டு வயது. மழைக்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அந்த வயதுப் பிள்ளைகளையும் மலைக்கு வேலைக்கு அனுப்புவது அப்போது வழக்கம். அரைப் பேரு கிடைக்கும். அது இல்லாமல் அரிசிக்குப் போதாது என்ற நிலை எங்களுக்கும் வந்துவிட்டது. ஐப்பசியில் அவள் பேரைப் பதிய வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார். மழை ஓய்ந்து தை பிறக்கும்வரையாவது அவளை நாங்கள் குடியிருந்த லயத்து அறையில், அடுப்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

கையில் இருந்தது ஒரு கைவேலை மட்டும். முள்முருங்கைக் கட்டையில் பொம்மை செதுக்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை எதிரே உட்காரவைத்து, அவள் முகத்தையே செதுக்கினேன்.

"அப்பா, என் மூக்கு இவ்ளோ சப்பையாவா இருக்கு?"

"அது ஒங்கப்பன் மூக்கு. நான் என்ன செய்யட்டும்?"

முன்பல் விழுந்த இடத்தைக்கூட நான் விடவில்லை. வாயைத் திறந்து சிரிக்கிற பொம்மை அது.

பங்களாச் சமையற்காரர் அதைப் பார்த்துவிட்டு, துரைசாணியிடம் கொண்டுபோகச் சொன்னார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தவர். பின்வாசலுக்கு வந்து, பொம்மையை வாங்கி, வெகுநேரம் பார்த்தார். நல்ல மனுஷிதான். அதை நான் மறைக்கக் கூடாது.

"என்ன விலை?"

வழியெல்லாம் மனதில் ஒரு தொகையை உருட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் அவர் கையில் இருந்தது என் மகளின் முகம். அதைப் பார்த்துக்கொண்டு இத்தனை காசு என்று எப்படிச் சொல்வது? சந்தையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்போல எனக்குக் கூசியது. மண்வெட்டி பிடித்ததற்குக் கூலி கேட்பதில் கூச்சம் இல்லையே. பேரு என்ற அந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

"ரெண்டு பேருங்க, தொரசாணி."

"ரெண்டு பேர்?" அவர் புருவம் சுருங்கியது. "யார் பேர்?"

யார் கணக்கில் பதிவது என்று கேட்கிறார் என நினைத்து, என் பெயரைச் சொன்னேன். பொம்மையைக் காட்டி, "இது யார்?" என்றார். மகளின் பெயரைச் சொன்னேன். உள்ளே போய்ப் பேனாவும் மையும் எடுத்துவந்து, பொம்மையின் அடியில் இரண்டு பெயரையும் பொறுமையாக எழுதினார். கணக்கப்பிள்ளைக்குக் காட்டத்தான் எழுதுகிறார் என்று நம்பி, கும்பிட்டுவிட்டு வந்தேன். இறக்கம் முழுவதும் பாடிக்கொண்டே வந்தேன், மடையன். அரிசிக்கு மாதம் ரெண்டு பேருதான் குறைகிறது, மாதம் ஒரு பொம்மை போதும், தை வரை தள்ளிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

சம்பள நாளில் அந்த இரண்டு பேரு என் கணக்கில் இல்லை. கேட்டேன். கணக்கப்பிள்ளை பங்களாவில் விசாரித்துவிட்டு, மறுநாள் பெரட்டில் எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"பொம்மைக்கு என்ன வெலன்னு கேட்டா, பேரு வேணும்னானாம். தொரசாணியும் ரெண்டு பேரையும் எழுதிட்டாங்க! இன்னும் என்னடா வேணும் ஒனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேலே போய், "நான் கேட்டது கூலிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் கொடுத்திருப்பார். மூன்று நாள் பங்களாப் பாதையில் பாதி ஏறி ஏறித் திரும்பினேன். இனாமாகக் கொடுத்தவன்போலக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டு, இப்போது போய்க் கை நீட்டுவதா என்று ரோஷம். ரோஷமாம்! அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்க.

ஐப்பசியில் மகளின் பேரு பதிவானது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். "அப்பா, எனக்கும் பேரு விழுந்துருச்சு" என்று முதல் நாள் ஓடிவந்து சொன்னாள். கார்த்திகை மழையில் சளி கட்டியது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயரின்மேல் கோடு போட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அப்பனுக்கு வாயில்லாவிட்டால் பிள்ளை என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

அடுத்த சம்பளத்தில் அவள் வேலை செய்த நாட்களின் கூலியை என் கையில் கொடுத்தார்கள். அதை வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு பங்களாவுக்குப் போனேன். என்ன விலை கேட்டாலும் கொடுத்துப் பொம்மையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இந்த முறை பாதியில் திரும்பவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. துரைசாணி என்னை அடையாளம் கண்டு, உள்ளே, கூடத்து வாசல்வரை வரச் சொன்னார். கணப்பு எரிந்தது. அதற்கு மேல் பலகையில் என் மகள் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். துரைசாணி அதை எடுத்துக் கவிழ்த்து, எழுத்தை விரலால் தொட்டு, இரண்டு பெயரையும் படித்துக் காட்டினார். அடக்கம் செய்த பிறகு அந்தப் பெயரை யாரும் என் காதுபடச் சொன்னதில்லை.

"உன் மகள் சுகமா?"

உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பொம்மையைத் திரும்பப் பலகையில் நிமிர்த்தி வைத்தார். கணப்பு வெளிச்சத்தில் அதன் கன்னம் சிவந்து தெரிந்தது. அங்கே கூரை ஒழுகவில்லை. விடிந்ததும் யாரும் அதைப் பெரட்டுக்குக் கூப்பிடப் போவதில்லை.

"சொகமா இருக்காளுங்க, தொரசாணி" என்றேன்.

முடிச்சை அவிழ்க்காமலே இறங்கி வந்தேன்.