அந்துருண்டை வாசம்

என் மகன் பிறந்த சில நாட்களில், பக்கத்துப் பேட்டையான ஆண்டாப் ஹில்லிலிருந்து என் கணவரின் அக்காவான மதினி, ஒரு பை நிறையப் பழைய சட்டைகளோடு லேபர் கேம்ப் என்கிற குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. எம் மவன் போட்டதப் போடு" என்றார்.

அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த சட்டைகள். வாசம் தூக்கலாக இருந்தும் துவைக்காமலே போட்டுவிட்டேன்.

மறுநாள் குழந்தையின் கண் மஞ்சளித்தது. பால் குடிக்கவில்லை. சிறுநீர் டீ நிறத்தில் போனது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா சட்டையை முகர்ந்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று இந்தியில் கேட்டார். சின்ன வயதில் மலேரியா மாத்திரை தின்ற என் தம்பிக்கு இப்படித்தான் ஆனது என்று சொன்னேன். சூட்டு உடம்பு என்று இளநீர் கொடுத்து விட்டுவிட்டார்கள்.

சூடு இல்லையாம். அம்மா வழியில் ஆண்பிள்ளைகளுக்கு வருகிற உடல்வாகாம். சில மாத்திரைகளோ அந்துருண்டை வாசமோ பட்டாலே இரத்தம் உடைந்துபோகுமாம். இரத்தம் ஏற்றி முடியும்வரை அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்துவிட்டான். இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும் காய்ச்சலைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன். பட்டுப்புடவையில் வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கக் கை நீட்டினால், முதலில் புடவையை முகர்ந்து பார்க்கிறேன். போன வாரம் மதினியையும் விடவில்லை.