மகளின் துப்பாக்கியில் நான் கை வைத்தது

கம்பெனிக்காரன் செய்து அனுப்பிய பொருளை அப்படியே பயன்படுத்துவது எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகவே இருக்கும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் நின்றவனுக்கு வரும் வியாதி அது. புதிதாக வாங்கிய மிக்ஸியின் மூடி சரியாக உட்காரவில்லை என்றால் மற்றவர்கள் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். நான் அரத்தை எடுப்பேன். வண்டியின் சைடு ஸ்டாண்டு, குக்கரின் கைப்பிடி, பீரோ பூட்டு, மாமியார் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் என்று நான் கை வைக்காத சாமான் எங்கள் குடும்பத்தில் இல்லை. "உங்க கையில மாட்டாம தப்பிச்சது நான் ஒருத்திதான்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு வருஷமாகத் துப்பாக்கி சுடுகிறாள். ஏர் ரைபிள் என்பார்கள். காற்றழுத்தத்தில் வேலை செய்வது, லைசென்ஸ் வேண்டாம், குண்டு நாலரை மில்லிமீட்டர் ஈயத்துண்டு. பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம், கண்ணில் பட்டால் கண் போய்விடும். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை அடிப்பதற்காக இந்தப் பெண் வாரத்தில் நான்கு நாள் விடியற்காலை எழுந்து, வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி ஆவடிக்குப் போய், ஒரு பழைய குடோனில் நடக்கும் கிளப்பில் சுட்டுவிட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம் போவாள். காபி போட்டுத் தர நான் எழுந்திருப்பதற்குள் ஷூ மாட்டிக்கொண்டு நிற்பாள்.

போன வருஷக் கடைசியில், சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அவளுடைய கோச் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அவர் பேசினால் குடோனே அமைதியாகிவிடும்.

"ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, கம்பெனியில வர்ற ஸ்டாண்டர்டு ரைபிள். அப்படியே வாங்கி அப்படியே சுடணும். இன்னொண்ணு, ஆளோட உடம்புக்கு அளவெடுத்து எல்லாத்தையும் மாத்தி அமைக்கிறது. அது நல்லதுதான், ஆனா வளர்ற பொண்ணு, இப்ப அவசரம் இல்ல. ஒரு வருஷம் ஸ்டாண்டர்டுல சுடட்டும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஸ்டாண்டர்டு துப்பாக்கியைத்தான் வாங்கினேன். ஆனால் பெட்டியைத் திறந்து அதைக் கையில் எடுத்த நிமிஷமே அதில் எங்கெல்லாம் கை வைக்கலாம் என்று என் கண் மேயத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று செய்த பொருள் ஒருவருக்கும் பொருந்தாது என்பது என் கட்சி. ஒல்லியான பெண், கழுத்து நீளம், கை குட்டை. தோளில் அண்டக் கொடுக்கும் கட்டை அவளுக்கு விரற்கடை நீளமாக இருந்தது. கன்னம் பதிக்கும் இடம் தாழ்வாக இருந்தது. அவளிடம் கேட்டேனா என்றால், இல்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அவளைத் துப்பாக்கியோடு நிற்க வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். தோளிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து கண், உள்ளங்கை அகலம். "கூச்சமா இருக்குப்பா, சீக்கிரம்" என்று அவள் நெளிந்தாள். ஷிப்ட் முடிந்த பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்து அலுமினியத்தில் கன்னக்கட்டை, தோள்கட்டை, கைப்பிடி மூன்றையும் செய்தேன். எஸ்டேட்டில் இரண்டு தெரு தள்ளிக் கொடுத்து நீலச் சாயம் ஏற்றி வாங்கினேன். உண்மையைச் சொல்லவேண்டும், வேலை பிரமாதமாக வந்திருந்தது. மகளின் மதிப்பெண் ஏறியது. ஸ்டாண்டர்டு போதும் என்று சொன்ன அதே கோச் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டாராம். "எங்கப்பா" என்றாளாம் இவள். அன்றைக்குச் சாப்பிடும்போது அதை மூன்று தடவை சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல அப்பனாக இருந்திருப்பேன். ஒருநாள் அவள் பேச்சுவாக்கில், "விசை மட்டும் லேசா கனமா இருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான். விசையின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் கம்பெனிக்காரனே ஒரு திருகு வைத்திருந்தான். அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். போதாது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குப் போதுமா என்று கேட்கவில்லை. உள்ளே இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். விசையை இழுத்தால் கவ்வல் விடும், குண்டு கிளம்பும். அந்தக் கவ்வலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு டர்னர், அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, இதுலயும் கை வெச்சிட்டியா? இது குண்டு உடுற சாமான். அவன் இவ்ளோதான்னு ஒரு அளவு வெச்சிக்கிறான்னா சும்மாவா வெச்சிக்கிறான்? கொயந்த கையில குடுக்கறது. வுட்ரு அண்ணாத்தே."

"நீ போய் உன் லேத்தைப் பாரு" என்றேன்.

தீட்டுக்கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கண்ணாடி போலப் பளபளப்பாக்கி, மறுபடி பூட்டினேன். விரல் பட்டதும் படாததுமாக விசை விட்டது. பத்துத் தடவை சோதித்தேன், பத்துத் தடவையும் சரியாக வேலை செய்தது. வெளியிலிருந்து வரும் சரக்கை நூறு தடவை சோதிக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இதற்காகவே எஸ்டேட்டில் பலபேர் என்னைத் திட்டுவார்கள். என் சொந்த வேலைக்குப் பத்துத் தடவை போதும் என்று எப்படி நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"நல்லா இருக்காம்மா?" என்றேன், அவள் முதல் நாள் சுட்டுவிட்டு வந்ததும்.

"சூப்பர்ப்பா" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து அவள் மதிப்பெண் இறங்க ஆரம்பித்தது. முதலில் ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் இன்னும் இறங்கியது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த பிறகும் இப்படிச் சுடுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. "கவனம் எங்க இருக்கு உனக்கு? ராத்திரியெல்லாம் போன், காலையில கை நடுங்குது" என்று கத்தினேன். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தேன். கிளப்பில் எப்போதும் தோழிகளோடு நடுவில் நின்று சுடுகிறவள் இப்போது கடைசி மூலையில் சுவரோரமாகப் போய் நிற்கிறாள் என்று வேறு தெரியவந்தது. யாரோடும் ஒட்டாமல் என்ன திமிர் என்று அதற்கும் திட்டினேன். அவள் எழுந்து உள்ளே போனாள். "விடுங்களேன், வயசு அப்படி" என்றாள் மனைவி.

மாவட்ட அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானே கிளப்புக்குப் போனேன். அவள் என்னதான் செய்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பெற்றவர்கள் உட்கார பின்னால் ஒரு பெஞ்சு போட்டிருப்பார்கள், அதில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆள் அதிகம். மூலையில் இடம் இல்லை, கோச் அவளை நடுவில் நிற்கச் சொன்னார். அவள் தயங்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் "போ, போ" என்று கையைக் காட்டினேன்.

அவளுக்கு இடது பக்கம் அவளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, காலடியில் கிடந்த குண்டு டப்பாவை எடுக்கக் குனிந்திருந்தாள். என் மகள் குண்டைப் போட்டு, குண்டு போடும் வாயை அடைக்கிற நெம்புகோலை மூடினாள். அவளுடைய வலது கை நெம்புகோலில் இருந்ததை நான் இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். விசைப் பக்கம் விரலே போகவில்லை. டப் என்று சத்தம். குண்டு முன்னால் தரையில் பட்டு எகிறி, குனிந்திருந்த பெண்ணுக்கு எதிரே இருந்த மேஜையின் பலகையில் போய்ப் பதிந்தது. அந்தப் பெண்ணின் முகத்துக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஒரு சாண் இருக்கும்.

"ஸ்டாப்" என்றார் கோச். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அவர் வந்து என் மகளின் துப்பாக்கியை எடுத்தார், அட்டையைப் பார்க்கப் பிடித்தார், குண்டு போட்டார், விரல்களை எல்லோருக்கும் தெரியும்படி விரித்துக்கொண்டு உள்ளங்கையால் நெம்புகோலை மூடினார். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூச்சு வந்தது. கவனமாகச் சுட்டுவிட்டு மறுபடி குண்டு போட்டு மூடினார். டப்.

  அந்தக் கவ்வலைத் தேய்த்த கையைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயது ஆள், திருடன் மாதிரி.

"எத்தனாவது தடவை இது?" என்று அவளைக் கேட்டார் கோச்.

"நாலாவது, மேடம்."

"எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

"ஏன் சொல்லல?"

 அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோச் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவே வேண்டியிருக்கவில்லை, நானே "தேய்ச்சேன் மேடம்" என்றேன். 

"சார், உங்க கைவேலையில எனக்கு சந்தேகமே இல்ல" என்றார். "ஆனா அந்தப் பக்கத்துல நிக்கறதும் யாரோ பெத்த பொண்ணுதான்."  திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தேய்த்த இரும்பு திரும்பி வராது, இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புதுக் கவ்வல் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். தேர்வுக்குக் கிளப்பின் பொதுத் துப்பாக்கி ஒன்றுதான் வழி. நூறு பிள்ளைகள் சுட்டுத் தேய்ந்த ஸ்டாண்டர்டு சாமான், கட்டை நீளம், பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கோச் அதை நீட்டியதும் என் மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்தக் கட்டையின் நீளத்தைப் பார்த்து எனக்குக் கை பரபரத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதும்கூட பரபரத்தது. வெட்கங்கெட்ட கை.

பத்து நாளும் அவள் அந்தப் பொருந்தாத துப்பாக்கியோடு மல்லுக்கு நின்றாள். மறுபடி தோழிகளோடு நடுவில் நின்று சுட்டாள். பீரோவிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தேர்வில் தேறினாள். ஓகோ என்று சொல்ல முடியாது, பட்டியலில் கடைசிக்கு முந்தின பெயர். ஆனாலும் பெயர் இருந்தது.

தேர்வு முடிந்து இருவரும் ரயிலில் திரும்பினோம். ஆவடி தாண்டியதும் கூட்டம் குறைந்து உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம், நான் எதிரே. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பதிலாக வாயில் கேள்விதான் வந்தது.

"அன்னிக்கு நான் வரலைன்னா என்னம்மா பண்ணியிருப்ப?"

"செலக்‌ஷன் வரைக்கும் சுவர் ஓரமாவே நின்னு சுடலாம்னு இருந்தேன். அங்க நின்னா யார் மேலயும் படாது."

"அதுக்கப்புறம்?"



"எனக்கு ஷூட்டிங்கே பிடிக்கலப்பா, நிறுத்திக்கறேன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

எனக்குப் புரியவே இல்லை. காலையில் எனக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறவள், இரண்டு வருஷமாக இதைத் தவிர வேறு பேச்சில்லாதவள்.

"ஏன்டா?" என்றேன். "'இது சரியில்லப்பா'ன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அதைவிட நிறுத்தறது ஈசிப்பா" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. அன்றைக்குக் காலை என்ன சாப்பிட்டாள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.