தும்பிக்கை விட்டுப்போன வளவு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சாலையோரத்தில் பலகை எதைக் கண்டாலும் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் படிப்பேன். படித்ததோடு விடாமல், கடைகளில் ஆர்டர் எடுக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதை எழுத்துப் பிசகாமல் எழுதியும் வைத்துக்கொள்வேன். சரக்குக்கு எழுதிய பக்கங்களைவிட இந்தப் பக்கங்கள்தான் சீக்கிரம் நிரம்பின.

பாலக்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஊதுபத்தி, சாம்பிராணி, தீப்பெட்டி மொத்த வியாபாரம். ஐம்பதுகளின் பின்பாதியில், கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்த புதிதில், கிழக்கே சித்தூர், வடகரப்பதி வரைக்கும் உள்ள சின்னக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுத்து வருவது என் வேலை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தமிழ், மலையாளம் இரண்டும் எழுதப் படிக்கத் தெரிந்த திமிர் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சித்தூர் வழியில் ஒரு பங்களாவின் கேட்டில் தமிழ் எழுத்தில் 'பட்டி உண்டு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மலையாளி. அவருக்குப் பட்டி என்றால் நாய். அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குப் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். ஆட்டுக்காரர் ஒருவர் பலகையை நம்பித் தன் ஆடுகளை உள்ளே ஓட்டிக்கொண்டு போனாராம். பட்டி நிஜமாகவே இருந்தது. குரைத்தது.

என் அக்காவை வண்டிப்பெரியாற்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கே போனால் மச்சானின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏலப்பாறைச் சாலையில் கிளம்பிவிடுவேன். ஒரு தேயிலைத் தோட்டத்து வேலியில், 'இங்கு மாடு மேய்ப்பவர்கள் பிடித்துப் பவுண்டில் அடைக்கப்படும்' என்று இருந்தது. மேய்ப்பவரைப் பிடித்து மாட்டுக் கொட்டடியில் அடைத்தால், மாட்டை என்ன செய்வார்கள் என்று எங்கேயும் போடவில்லை. இன்னொரு இடத்தில் யானை கடக்கும் என்பதற்காகப் படம் வரைந்து வைத்திருந்த பலகையில், மழையில் தும்பிக்கை மட்டும் அழிந்து போயிருந்தது. எருமைதான் வரும் என்று நினைத்து ஒருவர் அங்கே தைரியமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் என்று மச்சான் சொன்னார். மச்சான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். இருந்தாலும் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்தவர் பிழை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

வடகரப்பதிக்குப் போகும் வழியில் சாலை சட்டென்று திரும்பும் ஓர் இடம் உண்டு. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வேகமாக வரும் லாரிகள் அங்கே வயலில் இறங்கிவிடும். மலையாளத்தில் மட்டும் எச்சரிக்கை வைத்தால் அவர்களுக்கு எப்படிப் புரியும், தமிழிலும் வை என்று மேலிருந்து உத்தரவு வந்தது. ரோடு மேஸ்திரிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. டீக்கடையில் என்னைக் கண்டதும் ஒரு தாளை நீட்டினார். 'அபகட வளவு' என்று மலையாளத்தில் இருந்தது.

"ராவுத்தரே, இது தமிழில ஒண்ணு எழுதித் தரணும். பெயிண்டர் அத நோக்கி வரைச்சுக்கும்."

அபகடத்தை அப்படியே விடாமல் அபாயம் என்று நல்ல தமிழில் மாற்றினேன். அந்தப் பெருமையில் அடுத்த சொல்லைக் கவனிக்கவில்லை. பாலக்காட்டில் எங்கள் வீட்டில் சாலை திரும்பினால் அதற்கு வளவு என்றுதான் பெயர். அது மலையாளம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. 'அபாய வளவு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, மேஸ்திரி வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் போனபோது பலகை நின்றது. மேலே மலையாளம், அதன் கீழே என் தமிழ், எல்லாவற்றுக்கும் கீழே வளைந்த ஓர் அம்பு. அம்பு காட்டிய பக்கம் சாலை திரும்பியது. அதே பக்கம், சாலையை ஒட்டி, ஒரு விவசாயக் குடும்பத்தின் வளவும் இருந்தது. அங்கே பேசும் கொங்குத் தமிழில் வளவு என்றால் பங்காளிகள் சேர்ந்து குடியிருக்கும் நாலைந்து வீடுகள். அபாயமான வீடுகள் இந்தப் பக்கம் என்று நான் ஊருக்கே அறிவித்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நோட்டைக்கூட எடுத்துவிட்டேன்.

அந்த வளவின் மூத்தவர் பலகைக்கு அடியில் நின்றிருந்தார். நான் சரக்குப் போடும் கடைக்கு வருகிறவர் என்பதால் என்னைத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"ஏனுங்க ராவுத்தரே, நாலு பக்கம் போறவரு நீங்க. இதை எழுதுனவன் ஆருன்னு தெரியுமுங்களா?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"போன வெசாளக்கெழமை பொள்ளாச்சிப் பக்கமிருந்து எம்பட புள்ளையப் பாக்க வந்தாங்க. வண்டி இங்க திரும்பறப்ப மாப்பிள்ளையோட மாமன் இதை எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. சகுனம் செரியில்லீன்னு வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாங்க. ஊட்டுப் படிகூட ஏறலீங்க." அவர் வளவில் இருந்த அடுத்த வீட்டைக் கையால் காட்டினார். "எல்லாம் எம்பட பங்காளி பண்ணுன வேலை. வரப்புத் தகராறை மனசுல வெச்சுட்டு, தன் ஊடும் இதே வளவுலதான்னுகூடப் பாக்காம ஆளைப் புடிச்சு எழுதி வெச்சுட்டான். நாளைக்கு நாலு பேருக்கு முன்னால அவனக் கேக்கப்போறேன். இனி நல்லது கெட்டதுக்கு அவனும் நானும் இல்லீங்க."

பேசாமல் சைக்கிளை மிதித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மேஸ்திரி அதற்குள் வேறு பக்கம் வேலைக்குப் போய்விட்டார். ஆனால் நான் எழுதிய ஒரு சொல்லுக்காக ஒரே வாசலில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் போய்விடும் என்பதை நினைத்தபோது மிதிக்க மனம் வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"எழுதுனது நாந்தானுங்க" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. நோட்டில் 'வளைவு' என்று எழுதிக் காட்டினேன். அந்தக் காலத்து எழுத்தில் ளை என்று எழுத, ள-வின் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி போடுவோம். சுழி இருந்தால் சாலைத் திருப்பம், இல்லாவிட்டால் உங்கள் வீடு என்று விளக்கினேன். அவர் நோட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு தும்பிக்கைக்கா இத்தனையும்?" என்றார்.

அடிப்பார் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார். "பங்காளிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அந்தச் சுழியப் போட்டுட்டு, நேரா மாப்பிள்ளை ஊட்டுக்குப் போயி இதையே அங்கயும் சொல்லிப்போடுங்க. திரும்ப வரச் சொல்லுங்க. தோட்டந்தொரவு இருக்கற எடம், விடக்கூடாது."

சரி என்று உடனே தலையாட்டினேன். அந்த நேரத்தில் அவர் பழனிக்குப் போகச் சொல்லியிருந்தாலும் சைக்கிளிலேயே போயிருப்பேன்.

மோர் கொண்டு வந்தது அவருடைய மகள். இருபது வயதுக்குள் இருக்கும். தம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"தும்பிக்கை இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பலகை நட்ட அன்னிக்கே படிச்சனுங்க. வளைவைத்தான் தப்பா எழுதியிருக்காங்கன்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன? வந்தவங்க திரும்பிப் போனாங்களே!"

அவள் குரலை உயர்த்தவில்லை. "ரோட்டு வேலைக்காரங்களக் கேட்டீங்க. பங்காளியத் திட்டுனீங்க. வழியில போற ராவுத்தரக்கூடக் கேட்டீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்களேப்பா."

அவள் பலகையைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. மகள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அந்த எடம் உனக்குப் புடிக்கலியா கண்ணு?"

"புடிக்கலீங்கப்பா. அவருக்கு நாப்பது வயசுங்க."

நான் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை நேரம் என் பிழையால் அவள் வாழ்வு கெட்டது என்று வேதனைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அதைத் திருத்தப் போய்க் கெடுக்க இருந்தேன்.

"ராவுத்தரே" என்றார் அவர், எழுந்துகொண்டு. "நீங்க பொள்ளாச்சிக்குப் போக வேண்டாமுங்க. சுழியை மட்டும் போட்டுட்டுப் போங்க."

மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் மையை ஒரு கொட்டாங்குச்சியில் எடுத்து வந்தார். பலகை உயரமாக இருந்ததால் சைக்கிள் கேரியரில் ஏறி நின்றேன். அவர் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேப்பங்குச்சியை மையில் தோய்த்து, ள-வின் தலையில் தும்பிக்கையைப் போட்டேன். குச்சியின் முனை தடித்திருந்ததால் அது வளையாமல் நேராக நின்றுவிட்டது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வளவுப் பக்கம் திரும்பி, வாசலில் நின்றிருந்த மகளைக் கேட்டார்.

"இப்பச் செரியா இருக்குதா கண்ணு?"

"இன்னுங் கொஞ்சம் வளைக்கோணுங்க" என்றாள்.

நான் மறுபடியும் குச்சியை மையில் தோய்த்தேன்.