லைசென்ஸ் கொடுக்க ஒரு மாதம்

வீதிப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் மிகவும் மரியாதையானது. ஐம்பதில் போகவேண்டிய ஊர்வீதியில் எழுபத்திரண்டில் போனதற்காக என் லைசென்ஸை ஒரு மாதம் பறிக்கிறார்கள். ஆனால் எந்த மாதம் என்பதை நானே தெரிவு செய்யலாம். அரை வருடத்துக்குள் ஒரு திகதியை எழுதி அனுப்பினால் போதும். வேலையிடத்துச் சுவிஸ்காரி, "விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகும் மாதமாகப் பார்த்துக் கொடுத்துவிடு, ஒன்றும் தெரியாது" என்று ஆலோசனை சொன்னாள். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள். அப்பா எந்த மாதம் சாவார் என்று தெரிந்தால்தான் என்னால் அந்தத் திகதியை எழுத முடியும் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. வைத்தியம் முடிந்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் விடுதியொன்றில் படுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் இருப்பது வில் என்ற சிறு நகரத்தில். விடுதி பள்ளத்தாக்குக்குள் தள்ளியிருக்கும் ஒரு சிறிய ஊரில். காரில் போனால் அரை மணித்தியாலம். சுவிஸில் ரயில் போகாத மூலை உண்டா என்று கேட்பீர்கள். ரயில் போகும்தான். அதற்குப் பிறகு ஒரு பஸ், அதற்குப் பிறகு ஓர் ஏற்றம். முழங்கால் தேய்ந்த என் அம்மா ஏறி முடிக்க இரண்டு மணித்தியாலம் போய்விடும். அம்மாவுக்கு இருந்ததோ ஒரே ஒரு ஆசை.

"கடைசியில அவற்ர வாயில நான் தண்ணி விடோணும், பிள்ளை. வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்றார். இதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். நான், "ஓம் அம்மா, நான் கொண்டுபோய் விடுவன்" என்றேன். அந்தச் சொல்தான் என் கழுத்தைப் பிடித்தது.

வேகம் பிடிக்கும் கமரா என்னை அடித்ததும் இதே விஷயத்தில்தான். ஒரு நாள் மத்தியானம் விடுதியிலிருந்து கூப்பிட்டு, மூச்சு மோசமாக இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு பறந்தேன். இரண்டாவது ஊரில் வீதியோரம் நின்ற சாம்பல் பெட்டியொன்று கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னியது. "மழை வரப்போகுது" என்றார் அம்மா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா தலையணையில் சாய்ந்திருந்து யோகட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு, "என்ன ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரி?" என்று கேட்டார்.

திகதியைக் கேட்கப் போகாத இடமில்லை. முதலில் விடுதி டாக்டரிடம் போனேன். எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்றார். லைசென்ஸ் கதையைச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "கிழமைகளாகவும் இருக்கலாம், மாதங்களாகவும் இருக்கலாம். அவர்கள் விடுகிறவரை காரை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பெற்ற தகப்பனின் சாவை விடுமுறை போலக் கணக்குப் பார்க்கிறாளே என்று நினைத்திருப்பாரோ என்று கூசிப்போனேன்.

அம்மா என்னை நம்பவில்லை, டாக்டரையும் நம்பவில்லை. யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்கு அப்பாவின் சாதகக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினார். மறுநாள் தொலைபேசியில் பதில் வந்தது. ஐப்பசி முடியும் மட்டும் கண்டமாம். அது கழிந்தால் பிறகு யோசிக்கத் தேவையில்லையாம். "கார்த்திகையில குடு" என்று அம்மா முடிவாகச் சொன்னார். என் லைசென்ஸுக்கு நாள் குறிக்கச் சனீஸ்வரன் வரைக்கும் போயாயிற்று. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதைவிடக் கேவலம், அதை நம்பிவிடலாமா என்று ஒரு முழு இரவு நான் யோசித்தது.

அப்பாவுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். "இப்பவே குடுத்து முடி" என்றார், மூச்சு வாங்கி வாங்கி. "நான் எங்க ஓடப்போறன்? ஒரு மாதம் பொறுக்க மாட்டனே?" பகிடியாகத்தான் சொன்னார். நான் வெளியே போய் வாகனத் தரிப்பிடத்தில் நின்று அழுதேன்.

கடைசியில் கடிதம் அனுமதித்த ஆகக் கடைசி நாளை எழுதி அனுப்பினேன், மாசி மாதம். அதற்குள் முடிந்துவிட வேண்டும் என்றல்லவா அதற்கு அர்த்தம்? தபாற்பெட்டிக்குள் போட்ட பிறகுதான் அது விளங்கியது.

பாரிஸிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சிறு கறுப்புக் கருவியைக் கொண்டுவந்து காரில் ஒட்டப் பார்த்தார். கமரா வரும் முன்னே கீச்சிடுமாம். "அங்க எல்லாரும் வச்சிருக்கினம், பயப்பிடாத" என்றார். இங்கே அதை வைத்திருப்பதே குற்றம் என்றேன். போலீஸ் கண்டால் கருவியும் போகும், தண்டமும் வரும். "நீயும் சுவிஸ்காரியாப் போனாய்" என்று கோபித்துக்கொண்டு திரும்ப எடுத்துப்போனார்.

அவர் போன பிறகு அந்தக் கருவிக்காக நான் ஏங்கியதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இன்னொரு தரம் பிடிபட்டால் ஒரு மாதம் அல்ல, பல மாதங்கள் போகும், அதுவும் நான் கேட்கும் நாளில் அல்ல என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். வீதியோரத்துக் குப்பைத்தொட்டியும் மின்சாரப் பெட்டியும் எனக்குக் கமராவாகத் தெரிந்தன. ஐம்பது என்று போட்ட இடத்தில் நாற்பத்தைந்தில் ஊர்ந்தேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், கை காட்டி ஏசினார்கள். கால் என் சொல்லைக் கேட்க மறுத்துவிட்டது.

ஐப்பசி கழிந்தது. அப்பா இருந்தார். அம்மா சாத்திரியாருக்கு நன்றி சொன்னார், அன்றிலிருந்து கொஞ்சம் நித்திரையும் கொண்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள். அதே சொற்கள்தான்: மூச்சு மோசம், உடனே வாருங்கள். அம்மா ஒரு சிறு போத்தலில் தண்ணீரும் ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு ஏறினார். லைசென்ஸ் என் கைப்பையில் இருந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தான் அதை அத்தனை பாடுபட்டு வைத்திருந்தேன். ஆனால் நான் ஓட்டிய விதத்தைப் பார்த்திருந்தால் லைசென்ஸ் இல்லாதவள் திருட்டுத்தனமாக ஓட்டுகிறாள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். முதல் தரமும் இப்படித்தானே கூப்பிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் யோகட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்கு லைசென்ஸைத் தொலைத்துவிட்டால் நிஜமாகவே அந்த நாள் வரும்போது என்ன செய்வது?

"கொஞ்சம் கெதியாப் போ, பிள்ளை" என்றார் அம்மா.

"போறன் அம்மா" என்றேன். அழுத்தவில்லை. அம்மா போத்தலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கமரா அடித்த அந்த இரண்டாவது ஊரின் எல்லையில் வேகத்தைக் காட்டும் மின்பலகை ஒன்று நிற்கிறது. நாற்பத்தாறு என்று காட்டி, பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகம் போட்டு எனக்கு நன்றி சொன்னது. இறங்கிப் போய் அதை அடித்து நொறுக்க வேண்டும் போல இருந்தது.

அப்பாவின் அறை வாசலில் தாதி நின்றார். கையை மார்பில் வைத்தபடி, "இப்போதுதான்" என்றார். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அப்பாவின் வாயைத் திறந்து ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். அது கடைவாயால் வழிந்து தலையணையில் இறங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, காதோடு குனிந்து சொன்னார்:

"இஞ்சாருங்கோ, பிள்ளையைக் கோவியாதேங்கோ. றோட்டெல்லாம் கமரா. அவள் என்ன செய்யிறது?"

பிறகு இன்னொரு கரண்டி விட்டார்.